எலும்பில் ஒரு துண்டு போன பிறகும் எப்படி விழுங்குகிறோம்?

"மகனுக்குக் கழுத்து நடுவில் இருந்த நீர்க்கட்டியை எடுத்தார்கள். கூடவே எலும்பிலும் ஒரு துண்டை எடுத்துவிட்டார்களாம். இனி ஒழுங்காக விழுங்குவானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பயப்பட வேண்டாம் அம்மா. கழுத்தில் இருக்கும் ஹயாய்டு என்ற அந்த எலும்பை அறிந்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

முதலில் கட்டி. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடிப்பகுதியில் தோன்றி, ஏழாவது வார வாக்கில் கழுத்துக்கு இறங்கிவிடும். வந்த வழி தானாக மறைய வேண்டும். மிச்சமிருந்தால் அதில் நீர் கோத்துக் கட்டியாகும். அந்த வழி ஹயாய்டு எலும்பை ஒட்டியே போகிறது. கட்டியை மட்டும் எடுத்தால் பலருக்குத் திரும்ப வந்தது. எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்கும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் சிஸ்ட்ரங்க் 1920இல் எழுதினார். இன்றும் அதைத்தான் செய்கிறார்கள்.

சரி, ஹயாய்டுக்கு வருவோம். குரல்வளைக்குச் சற்று மேலே இரண்டு விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். ஏறி இறங்குகிறதே, அதுதான். லாடம் போல வளைந்த இந்தச் சின்ன எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேர்வதில்லை. தசைகளும் நார்களும் நாலாபக்கமும் பிடித்திருக்க, நடுவே தொங்குகிறது. விழுங்கும்போது தாடையிலிருந்து வரும் தசைகள் அதை மேலேயும் முன்னேயும் இழுக்கும். குரல்வளை கூடவே எழுந்து நாக்கின் அடியில் ஒதுங்கும், மூச்சுக்குழல் வாய் மூடிக்கொள்ளும், உணவுக்குழாய் திறக்கும். எல்லாம் ஒரு நொடிக்குள்!

மூட்டே இல்லாததால், நடுத்துண்டு போனாலும் கழன்றுவிழ எதுவும் இல்லை. இரு ஓரங்களையும் தசைகள் பிடித்தபடியே இருக்கும். வெட்டிய முனைகளைத் தகடு வைத்து இணைப்பதுகூட இல்லை. வடுத்திசு இடைவெளியை நிரப்ப, அறுபட்ட தசைகள் அதில் பற்றிக்கொள்ளும்.

கை முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கலாம். தொண்டைக்கு அந்த ஓய்வு கிடையாது, தூக்கத்திலும் எச்சிலை விழுங்குகிறோம். முதல் சில நாள் வலி அதனால்தான். கஞ்சி, குழைந்த தயிர்சாதம், நிறையத் தண்ணீர் போதும்.

அப்புறம், "முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும்" என்பவர்களை நம்பாதீர்கள். சீழுக்குக் காரணம் கிருமி. புண் ஆறப் புரதம் வேண்டும். பத்தியம் என்று பிள்ளையைப் பட்டினி போடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விழுங்க முடிந்ததும் அவித்த முட்டையை மசித்துக் கொடுங்கள்.

கழுத்து திடீரென வீங்கினாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.