வட்டச் செயலாளரின் கடிதம் குரூப் 4-க்கு உதவாது

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ அரசு வேலைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், ‘வட்டச் செயலாளரை ஒரு எட்டு பார்த்துட்டு வாயேன்’ என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். குரூப் 4 வேலைக்கு அந்த நடை வீண்.

இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி நடத்துவது ஒரே எழுத்துத் தேர்வு. 200 கேள்விகள், 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதிக்கு 150; அதில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. அப்புறம் தரவரிசை, இடஒதுக்கீட்டின்படி சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. காலியாக உள்ள துறையை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். அமைச்சரே கடிதம் கொடுத்தாலும் அதை நீட்ட அங்கே ஆள் இல்லை.

சரி, மோசடியே நடக்காதா? நடந்திருக்கிறது. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையைப் பயன்படுத்தி விடைத்தாள்களில் கைவைத்தார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. அங்கே வேலை செய்தது புரோக்கரும் பணமும்.

சிபாரிசு நுழைய வழியுள்ளது நேர்காணலை நம்பிய பணிகளிலும், தற்காலிக, அவுட்சோர்சிங் வேலைகளிலும்தான். அதனால்தான் மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது.

‘முதல்ல உள்ளே போ, அப்புறம் பெர்மனென்ட் ஆக்கிடலாம்’ என்ற வாக்குறுதியையும் நம்பவேண்டாம். உமாதேவி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: முறையான தேர்வில்லாமல் சேர்ந்தவர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்கமுடியாது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், உரிய தகுதியோடு, நீதிமன்ற ஆணையின் தயவில்லாமல் பத்தாண்டு உழைத்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு. இந்தத் தீர்ப்பையே சாக்காக வைத்து, காலமெல்லாம் உழைத்தவர்களை அரசுகள் வெறுங்கையோடு அனுப்பியதும் அநியாயம்தான். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது.

விண்ணப்பிக்கும் முன் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் செய்யவேண்டிய ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு அதுவும் இல்லை, பிசி, எம்பிசி பிரிவினருக்கு மூன்று முறை இலவசம். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.