“நிவாரணம் வாங்கித் தருவீங்களா தம்பி?”: பேரிடரைப் படமெடுக்கப் போகும் மாணவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு ஆவணப்படத்துக்குத் தலைப்பு தேடினால், பட்டியலில் கஜா புயல் நிச்சயம் இருக்கும். நாகப்பட்டினத்துப் பிள்ளைகள் என்றால் சுனாமி. படத்தொகுப்பு என் தொழில் என்பதால், இவர்கள் எடுத்துவரும் காட்சிகளை வெட்டுவதற்கு முன்பே முழுசாக உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு எனக்கு உண்டு. ஷாட் வைப்பதிலும் லைட்டிங்கிலும் இன்றைய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கேமராவோடு ஒரு வாசலில் போய் நின்றால் அந்த வீட்டார் நம்மை யாரென்று நினைக்கிறார்கள் என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

பேராவூரணி பக்கம் எடுத்த ஒரு காட்சி. பேட்டி இன்னும் தொடங்கவில்லை, கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா “ஒரு நிமிஷம் இருங்க தம்பி” என்று உள்ளே போய் ஒரு மஞ்சப்பையோடு வருகிறார். ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பாஸ்புக், கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவின் ஜெராக்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்புகிறார். “அதெல்லாம் வேணாம்மா, நீங்க பேசினா போதும்” என்கிறான் மாணவன். அவர் தாள்களை மறுபடி பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறார். எத்தனை மரம் விழுந்தது, கணக்கில் எத்தனை ஏறியது, யாரைப் போய்ப் பார்த்தார் என்று அதிகாரியிடம் ஒப்பிப்பதைப் போலவே வரிசையாகச் சொல்கிறார். முடிவில் கேட்கிறார்: “இதப் போட்டா நிவாரணம் வந்துருமா தம்பி?” மாணவனிடம் பதில் இல்லை. காட்சி அங்கே நிற்கிறது.

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, இந்த ஊர்களுக்கு வராத ஆள் இல்லை. வருவாய்த் துறை, மத்தியக் குழு, கட்சிக்காரர்கள், டிவிக்காரர்கள், தொண்டு நிறுவனங்கள். வந்தவர்களில் பாதிப் பேர் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டு போனார்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. யார் பெயர் ஏறியது, யார் பெயர் விடுபட்டது என்ற பேச்சு இன்னமும் ஓயவில்லை. அதனால் நோட்டும் கேமராவுமாக யார் வந்து நின்றாலும் அந்தப் பட்டியலுக்கும் இவர்களுக்கும் ஏதோ தொடர்பு இருக்கும் என்றுதான் ஊர் நினைக்கும்.

ஆகவே, ஸ்டாண்டைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “நாங்க காலேஜ் பசங்கம்மா. படிப்புக்காகப் படம் எடுக்குறோம். இதனால நிவாரணமோ லோன் தள்ளுபடியோ கிடைக்காது. பேச விருப்பம் இருந்தா பேசுங்க, இல்லேன்னாலும் ஒண்ணுமில்ல.” ஒருமுறை சொன்னால் போதாது, பேட்டி முடிந்ததும் இன்னொரு முறை சொல்லுங்கள். இதைக் கேட்டுச் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். பொய்யான நம்பிக்கையில் ஒருவர் பேசியதைப் படமாக்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஒப்புதல் படிவமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால், அவர்கள் அதையும் இன்னொரு மனு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தமிழில் எழுதி வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். படம் எங்கே திரையிடப்படும், யூடியூபில் போகுமா, வேண்டாம் என்று தோன்றினால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

கேள்விகளுக்கு வருகிறேன். “அந்த ராத்திரி எப்படி இருந்துச்சு?” என்ற கேள்வி இல்லாத மாணவர் படத்தை நான் பார்த்ததில்லை. எத்தனையோ மைக்குக்கு முன்னால் சொல்லிச் சொல்லி அந்தப் பதில் தேய்ந்துவிட்டது. அழுதால் குளோசப் போகலாம் என்று காத்திருப்பது ஃபுட்டேஜைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் எடுக்க வந்தது புயலுக்குப் பிந்தைய கதை. அது அந்த ராத்திரியில் இல்லை.

தோப்புக்குள் போனால் அது கண்ணுக்குத் தெரியும். அன்று வேரோடு சாய்ந்த மரங்கள் ஒரு கணக்கு. நின்ற மரங்களிலும் குருத்து முறுக்கிக்கொண்டவை, மாதக்கணக்கில் நின்றுவிட்டு மெதுவாகப் பட்டுப்போயின. வாங்க ஆளில்லாமல் கிடந்து மக்கிய தடிகளில் காண்டாமிருக வண்டு பெருகும், அது பக்கத்தில் பிழைத்து நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். பொக்லைன் வைத்து வேர்க்கட்டையைத் தோண்ட மணிக் கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும். நெட்டை ரகத் தென்னங்கன்று நட்டால் காய்ப்புக்கு வர 6, 7 வருஷம். அந்த வருஷங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? மகன் திருப்பூருக்குப் போனானா, சிங்கப்பூருக்கா? ஊடுபயிராக என்ன போட்டார்கள்? நகை இன்னும் அடகில்தான் இருக்கிறதா? இதை எல்லாம் கேள்வியாகக் கேட்கக்கூட வேண்டாம். காலையில் அவரோடு தோப்புக்குப் போய் மடை திறப்பதையும் மட்டை இழுப்பதையும் எடுத்துக்கொண்டிருந்தால் பேச்சு தானாக வந்து விழும். வேதாரண்யம் பக்கம் உப்பளத்திலும் மாந்தோப்பிலும் இதேபோலத்தான். அங்கே பெரியவர்கள் 1952 நவம்பர் புயலையும் சேர்த்தே பேசுவார்கள். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று கேமராவை நிறுத்திவிடாதீர்கள்.

சுனாமியை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2004 டிசம்பர் 26-ல் பெற்றோரை இழந்த குழந்தைகள் இப்போது வளர்ந்து, வேலை குடும்பம் என்று இருக்கிறார்கள். அன்றைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். தாமாகப் பேச வந்தால் மட்டும் எடுங்கள். இன்றைக்கும் ஆதரவற்ற சிறார்களின் பெயரையோ முகத்தையோ வெளியிடச் சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 74-வது பிரிவு தடை விதிக்கிறது. பள்ளி வளாகத்தில் பொதுவாக எடுத்த காட்சியிலும் இதை மனதில் வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ‘கஜா’ என்று வாட்ஸப்பில் வந்த பழைய வீடியோக்களில் வேறு ஊர், வேறு புயல் காட்சிகளும் கலந்திருக்கின்றன. எடுத்தவர் யாரென்று தெரியாததைச் சேர்க்காதீர்கள். கோடியக்கரை சரணாலயத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கடலோரத்தில் மதியத்துக்கு மேல் காற்று ஏறிவிடும், மைக்குக்கு உறை இல்லாமல் பேட்டி எடுத்தால் பேச்சு ஒன்றுமே புரியாது.

எடிட் முடிந்ததும், கல்லூரியில் காட்டுவதற்கு முன்பு, பேசியவர்களிடம் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு படத்தில், தன் கடன் தொகையைச் சொல்லும் இடத்தை எடுத்துவிடச் சொன்னார் ஒரு விவசாயி. பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். “படத்துல அதுதான் சார் ஸ்ட்ராங்கான இடம்” என்று பிள்ளைகள் என்னிடம் வாதாடினார்கள். அவர் பெண்ணின் கல்யாணத்தைவிட உங்கள் மதிப்பெண் பெரிதில்லை என்றேன். அந்த இடத்தை நீக்கி, அதற்குப் பதிலாக அவர் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டுவதை வைத்தோம். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஏப்ரலில் படத்தை ஒப்படைக்க வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்திலேயே எடிட்டை முடித்துவிடுங்கள். அப்போதுதான் ஊருக்குப் போய்க் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தைச் செய்துவரப் போதுமான நாள் கிடைக்கும்.