பள்ளியில் வேளாண் பயிற்றுநர் ஆவது எப்படி: ராமநாதபுரம் கடலோர விண்ணப்பதாரர்களுக்கு

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. வேளாண்மையும் அதில் ஒரு பாடமாக இருந்தது. அதைக் கற்பிக்க ஆள் எடுக்கும் வழி ஒன்றல்ல, மூன்று. திருப்புல்லாணி, உச்சிப்புளி, தொண்டிப் பக்கங்களில் வேளாண் டிப்ளமோ முடித்துக் காத்திருப்பவர்கள் இம்மூன்றையும் ஒன்றெனக் கருதி விண்ணப்பித்துவிடுவதால், முதலில் அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வரும் நிரந்தரப் பணியிடம். 2018-இல் வேளாண் பயிற்றுநர் பதவியில் 25 இடங்களுக்கு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது. மாநிலம் முழுமைக்கும் 25 என்பதிலிருந்தே இந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்தபின், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பின்பற்றி இனச்சுழற்சிப்படி, அதாவது ஒவ்வொரு பிரிவினருக்கும் இடம் வரும் வரிசைப்படி, நியமனம் நடக்கும். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறாதவரின் பாட விடைத்தாள் மதிப்பிடப்படாது. தமிழ்தானே என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையைக் கோருபவர், முதல் வகுப்பிலிருந்து பதவிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்றுகளைக் காட்ட வேண்டும். தொடக்கப் பள்ளி ஓர் ஊரிலும் உயர்நிலைப் பள்ளி வேறோர் ஊரிலுமாகப் படித்தவர்கள், அறிவிக்கை வரும்வரை காத்திராமல் அந்தந்தத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே சான்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பகுதிநேர ஆசிரியர் பணி. 2012-இல் மாநிலம் முழுவதும் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி ஆகியவற்றோடு தோட்டக்கலையும் அதில் அடங்கும். ஊதியம் பின்னர் சிறுகச் சிறுக உயர்ந்தது. பணிநிரந்தரம் மட்டும் பல ஆண்டுகள் கோரிக்கையாகவே இருந்தது.

மூன்றாவது, மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் தொழிற்கல்வி. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி ஒன்பதாம் வகுப்பு முதல் நடைபெறும் இதில், பயிற்றுநர்களைப் பெரும்பாலும் பயிற்சி நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்துகின்றன. பள்ளி அரசுடையதாக இருந்தாலும் இது அரசுப் பணி ஆகாது. விண்ணப்பிக்கும் முன் நியமன அதிகாரி யார், ஊதியம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள். பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு: போபாலில் உள்ள மத்தியத் தொழிற்கல்வி நிறுவனம் வகுத்த வேளாண் பாடங்களில் தக்காளி, கத்தரி, மிளகாய் சாகுபடியாளருக்கான பாடமும் ஒன்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயை அதில் நேரடியாகவே கற்பிக்கலாம்.

வேலை கிடைத்தபின் பயிற்சி என்று தரப்படுவது பெரும்பாலும் வகுப்பறை நிர்வாகமும் மதிப்பீட்டு முறையும்தான். மண்ணைப் பற்றிய பயிற்சியைப் பயிற்றுநரே தேடிக்கொள்ள வேண்டும். அதற்குரிய இடம், ராமநாதபுரத்திலுள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் அதனுடன் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையமும். மண்கரைசலின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர் நிலம் என்று புத்தகத்தில் படித்தவர்கூட, பள்ளித் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் மின்கடத்தும் திறனை அளக்கும் கருவியை இறக்கி எண் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் எந்தப் பாத்திக்கு எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யக் கற்றுக்கொள்வார்.

பயிர் நாட்காட்டியும் அப்படித்தான். காவிரி டெல்டாவின் குறுவை நெல் பருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஜூனில் செய்முறை வகுப்புக்குத் திட்டமிட்டால் இங்கே வெறும் புழுதிதான் மிஞ்சும். இங்கு வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துச் செப்டம்பரில் புழுதியில் நெல் விதைக்கிறார்கள். மழை இறங்கியபின் மிளகாய். காலாண்டு விடுமுறை முடிந்து விதைக்கும் மிளகாய், செய்முறைத் தேர்வு நடக்கும் பிப்ரவரி வாக்கில் முதல் பறிப்புக்கு வரும் என்பதால், ஆண்டுத் திட்டத்தை அக்டோபரிலிருந்து பின்னோக்கி எழுதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வகுப்புகளை மண் பரிசோதனைக்கும் விதைத் தேர்வுக்கும் ஒதுக்கலாம்.