போர்டு சாகவில்லை, முதலில் கேபிளை மாற்றுங்கள்

"அண்ணே, போர்டு செத்துப்போச்சு."

காரைக்குடியில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காலேஜ்களில் ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கினாலே இந்தப் பேச்சு தினமும் காதில் விழும். லேப்டாப்பிலிருந்து புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டைத்தான் சொல்கிறார்கள். பார்த்தால் பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் நடந்ததற்கு அப்புறம் எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆத்தங்குடியிலிருந்து இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண், அப்பாவோடு வந்திருந்தாள். அவர் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவர். நகக்கண்ணில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. ஊருணியின் நீர்மட்டத்தை போனில் காட்டும் கருவி, அதுதான் ப்ராஜெக்ட். நல்ல யோசனை. பையிலிருந்து மூன்று போர்டுகளை எடுத்து வைத்தாள். முதலில் வாங்கிய நோட்எம்சியுவில் புரோகிராம் ஏறவில்லை. செத்துவிட்டது என்று இன்னொரு நோட்எம்சியு. அதிலும் ஏறவில்லை, சீனியர் சொன்னார் என்று ஒரு ஈஎஸ்பி32. மூன்றையும் அவளுடைய லேப்டாப்பிலேயே, என் கேபிளில் மாட்டினேன். மூன்றிலும் எல்இடி சிமிட்டும் புரோகிராம் ஏறியது. அந்தப் பிள்ளை சந்தோஷப்படவில்லை. அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றது.

அவள் கொண்டுவந்த கேபிள் பழைய பவர் பேங்கோடு வந்தது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு அதை வெட்டி, உறையை உரித்துக் காட்டினேன். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். என்னிடமிருந்த வேறொரு பழுதான கேபிளையும் உரித்துப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. "அப்ப இந்தப் பச்சையும் வெள்ளையும் இல்லாததுக்குத்தான் மூணு போர்டா தம்பி?" என்று அப்பா கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"லைட் எரியுதே அண்ணே, கேபிள் நல்லாத்தானே இருக்கு?" எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். லைட் எரிய சிவப்பும் கறுப்பும் போதும். கரண்ட் போகிறது என்பதற்கு மட்டும்தான் அந்த லைட் சாட்சி. புரோகிராம் போவது பச்சையிலும் வெள்ளையிலும். அந்த இரண்டும் இல்லாத கேபிளில் போர்டு பளிச்சென்று எரியும், ஆனால் லேப்டாப்புக்கு அப்படி ஒரு போர்டு வந்ததே தெரியாது. அதே கேபிளில் போன் சார்ஜ் ஆகிறது என்பதும் சாட்சி இல்லை. கேபிள் புதியது, விலை அதிகம், தடிமனாக இருக்கிறது என்பதெல்லாமும் இல்லை. போனையும் லேப்டாப்பையும் அந்தக் கேபிளில் இணைத்து ஒரு போட்டோவை மாற்றிப் பாருங்கள். மாறினால்தான் அது டேட்டா கேபிள்.

விண்டோஸில் போர்டை மாட்டியதும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். சத்தமே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சத்தம் வந்தும், புரோகிராம் ஏற்றும் ஆர்டுயினோ சாஃப்ட்வேரின் போர்ட் (போர்டோடு லேப்டாப் பேசும் வழி) பட்டியலில் ஒன்றும் காட்டவில்லை என்றால் டிரைவர், அதாவது அந்தப் பேச்சுக்கு லேப்டாப்பில் இருக்க வேண்டிய சாஃப்ட்வேர், இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு உட்கார்ந்திருக்கும். யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். மலிவான போர்டுகளில் பெரும்பாலும் சிஹெச்340, இல்லையென்றால் சிபி2102. எந்தச் சிப்போ அதன் டிரைவரை, அந்தச் சிப்பைச் செய்யும் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே பேக்கில்' என்று கூப்பிடும் தளங்களுக்குப் போய், வேண்டாத சாஃப்ட்வேர் பத்தை ஏற்றிக்கொண்டு வருகிற லேப்டாப்புகளைத் துடைத்தே என் பாதி நாள் போகிறது.

போர்ட் தெரிகிறது, ஆனால் ஏறவில்லையா? நீங்கள் தேர்ந்தெடுத்த போர்டின் பெயர் கையில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். ஈஎஸ்பி32ல் 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடி நின்றால், பூட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுதத் தொடங்கியதும் விடுங்கள். ஆர்டுயினோ ஊனோ போர்டில் 0, 1 பின்களில் புளூடூத் மாட்யூல் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். அதே வழியில்தான் புரோகிராமும் வரவேண்டும். ஆர்டுயினோ நானோவின் நகல் போர்டில் ஏறவில்லை என்றால் புராசஸர் மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சிவப்பு எழுத்தில் எரர் வந்தாலே போர்டைக் குறை சொல்லாதீர்கள். கம்பைல் எரர், அதாவது எழுதிய புரோகிராமை போர்டுக்குப் புரியும்படி மாற்றும்போது வரும் தவறு, லேப்டாப்புக்குள்ளேயே வருவது. போர்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாலும் அதே எரர் வரும். ஈஎஸ்பி32க்காக ஆர்டுயினோ சாஃப்ட்வேரில் சேர்க்கும் பேக்கேஜின் 3.0 பதிப்பு 2024ல் வந்தபோது எல்இடிசி செட்டப், எல்இடிசி அட்டாச்பின் என்ற இரண்டு கட்டளைகளையும் எடுத்துவிட்டார்கள். பழைய வீடியோவைப் பார்த்து அடித்த புரோகிராம் புதிய பேக்கேஜில் அதனால்தான் நிற்கிறது. புரோகிராமை மாற்றுங்கள், அல்லது பழைய பதிப்பைப் போடுங்கள்.

உண்மையிலேயே செத்த போர்டும் வருகிறது. அநேகமாக எல்லாம் பதற்றத்தில் கொன்றவை. ஏறவில்லையே என்று 12 வோல்ட் அடாப்டரை 3.3 வோல்ட் பின்னில் கொடுப்பார்கள். வாசனையே சொல்லிவிடும். ஈஎஸ்பி32ன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் அதன் எக்கோ பின்னும் 5 வோல்ட் தரும். நடுவில் 1 கே, 2 கே ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைப் பிரித்துக் கொடுங்கள். அந்த ஊருணிக் கருவியில் அதுவும் நேராகத்தான் போயிருந்தது, நல்லவேளை பிழைத்தது. மோட்டாருக்கு போர்டிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். தகர மேஜை மேல் போர்டை வெறுமனே வைக்காதீர்கள். தோட்டத்து போர் மோட்டாரில் ரிலே இணைக்கிறேன் என்று நீங்களே வயரைத் தொடவே தொடாதீர்கள். அங்கே போவது போர்டு இல்லை, உயிர். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

ஊனோவில் கோளாறு கேபிள், டிரைவர் பக்கமா என்று தெரிய வேண்டுமா? ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள், 0ஐயும் 1ஐயும் இன்னொன்றால். ஆர்டுயினோ சாஃப்ட்வேரின் சீரியல் மானிட்டரில் எதையாவது அடித்து அனுப்புங்கள். அடித்தது திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், போர்ட் மூன்றும் சரி. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. இதற்கு இரண்டு ஜம்பர் வயர் போதும்.

கடைக்காரத் தம்பிகளே, இரண்டாவது போர்டு கேட்டு வரும் பிள்ளைக்கு விற்பதற்கு முன் உங்கள் கேபிளில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பிள்ளைகளே, ஈஎஸ்பி32 பேக்கேஜ் சின்னது இல்லை, நூற்றுக்கணக்கான எம்பி. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் பாதியில் அறுந்துபோகும். பத்து நாள் முன்னாலேயே இறக்கி, சென்சார் எதுவும் மாட்டாமல் எல்இடியை மட்டும் சிமிட்ட வைத்துப் பாருங்கள். அதற்கும் முடியவில்லையா, போர்டு, கேபிள், லேப்டாப் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை. அப்பாவிடம் இன்னொரு போர்டுக்குக் கேட்பதற்கு முன்னால் வாருங்கள், அது போதும்.