கணினிக்குள் கட்டிய ஊஞ்சல்

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மட்டக்களப்புக் கிராமங்களில் மரக் கொப்புகளில் கட்டப்படும் ஊஞ்சலைக் கணினித் திரையில் ஆடவிட விரும்பினால், கயிற்றின் ஒவ்வோர் அசைவையும் கையால் வரைவதைவிட, இயக்க விதிகளைக் கொடுத்துத் தானாக ஆடவிடுவதே நல்லது. அதற்காக 4 மீற்றர் கயிற்றை 20 சென்ரிமீற்றர் நீளமான 20 துண்டுகளாக்கி, துண்டுக்குத் துண்டு ஒரு மூட்டு வைக்கிறோம். கணினியைப் பொறுத்தவரை மூட்டு என்பது ஆணியோ முடிச்சோ அன்று. எந்த அசைவு நிகழக் கூடாது என்று சொல்லும் சமன்பாடே அது.

கட்டற்ற விறைப்பான பொருளொன்று மூன்று திசைகளில் நகரவும் மூன்று அச்சுகளைச் சுற்றிச் சுழலவும் வல்லது. அதாவது அதற்கு 6 சுயாதீனப் படிகள் உண்டு. கதவுப் பிணைச்சல் அவற்றுள் ஐந்தைப் பறித்து, ஒரே ஒரு சுழற்சியை விட்டுவைக்கிறது. கயிற்றுத் துண்டுகளை இணைக்கும் பந்துக்கிண்ண மூட்டு மூன்று நகர்வுகளை மட்டும் தடுக்கிறது.

பெரும்பாலும் செக்கனுக்கு 60 தடவை இக்கணிப்பு நடைபெறும். ஒவ்வொரு தடவையும், மூட்டுகளே இல்லாதது போல முதலில் புவியீர்ப்பு எல்லாவற்றையும் கீழே இழுக்கும். பின்னர் ஒவ்வொரு மூட்டிலும் சந்திக்கும் இரு முனைகளின் வேகங்களும் ஒப்பிடப்பட்டு, வேறுபாடு இருந்தால், சமமும் எதிருமான இரு கணத்தாக்குகளால், அதாவது வேகத்தைச் சட்டென மாற்றும் உதைப்புகளால், அது நீக்கப்படும். ஒரு மூட்டைத் திருத்தினால் பக்கத்து மூட்டு குலையும் என்பதால், பலமுறை சுற்றிவந்து பிழையைச் சிறிது சிறிதாகத் தேய்க்க வேண்டியுள்ளது. வேகம் சரியானாலும் முனைகளுக்கிடையே நுண்ணிய இடைவெளி சேர்ந்துகொண்டே போகும். 1972இல் பௌம்கார்ட் என்ற ஆய்வாளர் முன்வைத்த முறைப்படி, அந்த இடைவெளியின் ஒரு பங்கை அடுத்த வேகத் திருத்தத்தோடு கூட்டி அதை மூடலாம். பங்கு மிகுந்தால் கயிறு துடிதுடிக்கும்.

நான் முதன்முதலில் இப்படிக் கட்டிய ஊஞ்சலின் கயிறு ரப்பர்போல நீண்டு, பலகை நிலத்தில் தட்டியது. காரணம் திணிவு விகிதம். துண்டொன்று 50 கிராம். பலகையும் பிள்ளைகளும் சேர்ந்து 60 கிலோகிராம். திருத்தம் திணிவுக்கு நேர்மாறாகப் பங்கிடப்படுவதால், ஒரு திருத்தத்தில் துண்டுதான் பலகையோடு இழுபட்டுப் போகிறது. பலகையின் வேகமோ ஏறத்தாழ 1200இல் ஒரு பங்கே குறைகிறது. கொப்பு அசையாதது என்ற செய்தி இருபது மூட்டுகளைக் கடந்து பலகைக்கு எட்டுமுன் சுற்றுகள் முடிந்துவிடுகின்றன.

சுற்றுகளைக் கூட்டலாம், ஒரு காலப்படியை, அதாவது செக்கனின் 60இல் ஒரு பங்கை, பல சிறு படிகளாக உடைப்பது அதைவிடப் பயன் தரும். எனக்குப் பிடித்த வழி வேறு: கொப்புக்கும் பலகைக்கும் இடையிலான தூரம் 4 மீற்றரைத் தாண்டக் கூடாது என்று நேரடியாக இன்னொரு கட்டுப்பாட்டைச் சேர்த்தேன். பலகை உடனே நிமிர்ந்தது.

இந்தக் கட்டுப்பாடு சமன்பாடன்று, சமனிலி. கயிறு இழுக்குமேயன்றித் தள்ளாது. ஊஞ்சலில் நின்று உந்தும் பிள்ளையின் முழங்காலுக்கும் இதே விதிதான். கால் முழுதாக நீளும் கணத்தில் மட்டும் அது விழித்தெழுந்து, முன்புறம் முறியாதபடி தடுக்க வேண்டும். எதிர்த்திசைக் கணத்தாக்கு கணிப்பில் வந்தால் அதைப் பூச்சியமாக்கிவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால், நீட்டிய கால் அந்த எல்லையிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த உந்தலுக்கு மடங்க மறுக்கும்.