செண்பகத் துளிர் காயம்பட்டது எப்போது?

வேளச்சேரி மொட்டைமாடியில் தொட்டிச் செண்பகம் வளர்க்கும் வாசகி ஒருவரின் கேள்வி: "பழைய இலையெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கு. புதுசா விடுற இலை மட்டும் ஓட்டையும் சுருக்கமுமா வருது. என்ன மருந்து அடிக்கலாம்?"

மருந்து இருக்கட்டும். அந்த இலையை நடுநரம்பு வழியே, புத்தகத்தை மூடுவதுபோல மடித்துப் பாருங்கள். இடப்பக்க ஓட்டையும் வலப்பக்க ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்துகின்றனவா? அப்படியானால் இலை விரியும் முன்பே, குருத்துக்குள் இருந்தபோதே கடிபட்டிருக்கிறது.

முன்பு மைக்கேலியா என்று எழுதப்பட்ட செண்பகத்தை இப்போது மக்னோலியா பேரினத்தில்தான் சேர்க்கிறார்கள். இந்த இனத்தின் குருத்து அழகான பொட்டலம். உள்ளே இலை இரண்டாக மடிந்து படுத்திருக்கும்; இலையடிச் செதில்கள் அதைக் குல்லாய்போல மூடியிருக்கும். இலை வெளிவந்ததும் குல்லாய் உதிர்ந்து, கிளையைச் சுற்றி மோதிரம்போல ஒரு தழும்பு நிற்கும். மூடிய பொட்டலத்தை ஒரு பூச்சி துளைத்தால், மடித்த வேட்டியில் ஊசி குத்திய கதைதான்: ஒரே குத்து, இரண்டு ஓட்டை. அப்போது அது குண்டூசி முனையளவே இருக்கும். இலை விரிய விரிய ஓட்டையும் கூடவே விரிந்து மிளகளவு ஆகிவிடும். துளைபடாமல் செத்துப்போன திசு மட்டும் வளராது. சுற்றியுள்ள திசு வளர்ந்துகொண்டே போகும். இழுபட்ட தையல்போல இலை சுருங்குவது அதனால்தான்.

ஆகவே இன்று அந்த இலைமேல் மருந்தடிப்பது வீண். கடித்தது எப்போதோ போய்விட்டது. விரியாத குருத்தை வெள்ளைத்தாள்மேல் தட்டிப் பாருங்கள். கோடுபோல மெலிந்து ஓடினால் இலைப்பேன். சிலந்திப்பேனுக்குப் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்க நாலைந்து சொட்டு சோப்புக்கரைசல். வெயில் தாழ்ந்தபின் குருத்து நனையத் தெளித்து, வாரம் கழித்து மறுபடி. ஓட்டை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் விரிந்தபின் கடிபட்டது. அப்போது இலையடியில் புழுவைத் தேடுங்கள்.

ஓட்டை இல்லாமல், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிர்மஞ்சளாகவும் துளிர்த்தால் இரும்புக் குறை. மெக்னீசியக் குறையும் இப்படித்தான் மஞ்சளாக்கும், ஆனால் பழைய இலையை; மெக்னீசியத்தைச் செடி அதிலிருந்து உருவிப் புதியதற்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. உப்புக்கரிக்கும் போர்வெல் தண்ணீரின் பைகார்பனேட் மண்ணைக் காரமாக்க, இரும்பு கரையாமல் முடங்கிவிடுகிறது. லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் தற்காலிக நிவாரணம் உண்டு. எப்சம் உப்பு மெக்னீசிய உப்பு; இதற்கு உதவாது. முட்டை ஓடு சுண்ணாம்பு, காரத்தைக் கூட்டத்தான் பார்க்கும். திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டுபவர்கள் குறைந்தபட்சம் மண்ணைக் கெடுப்பதில்லை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளைகளில் (கிட்) பத்து ரூபாய்க்கு அமில-காரத் தாள் சேர்த்தால் பாதி மருந்துச் செலவு மிச்சமாகும் என்பது என் கட்சி.

இலை விளிம்பு மட்டும் காகிதம்போலக் கருகினால் காரணம் வெயில் அல்லது உப்பு. கத்திரி நாளில் கடற்காற்று தாமதித்தால், மேற்குச் சுவரோரக் கறுப்புத் தொட்டியின் பக்கவேர் வெந்தே போகும். மெழுகுப்பூச்சு இன்னும் தடிக்காத துளிருக்குத் தண்ணீர் எட்டாது. தொட்டியைக் கோணிப்பையால் சுற்றி, 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் நகர்த்துங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளை பூத்திருந்தால் உப்பு. பழைய இலை நுனிகளும் கருகியிருக்கும். 15 லிட்டர் தொட்டிக்கு 30 லிட்டர் மழைநீரையோ மெட்ரோ தண்ணீரையோ மூன்று தவணையாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டாவிட்டால் உப்பு திரும்ப ஏறும். தேங்காய் நார்க்கழிவையும் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் கலக்கக் கூடாது.

ஓட்டையோ கருகலோ விழுந்த இலை தேறாது. பச்சை மிச்சமிருந்தால் கிள்ளவும் வேண்டாம். மருந்திட்ட அன்று கடைசி மோதிரத் தழும்புக்கு மேல் ஒரு நூலைக் கட்டுங்கள். குருத்துக்குள் ஏற்கெனவே மடிந்திருக்கும் ஓரிரு இலைகள் பழைய காயத்தோடுதான் வரும். அதற்கடுத்த இலையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.