வைரஸ அள்ளி ஊத்துனா செல் வாங்கிக்குமா?

லேப்ல புதுசா சேர்ற பசங்க வழக்கமா கேக்குறது இதுதான், ஜீன செல்லுக்குள்ள கொண்டுபோற லென்டிவைரஸ ஹெச்இகே செல்லுல (லேப்ல சுலபமா வளர்ற மனித செல் லைன்) போட்டா, ஜீன் உள்ள போனதுக்கு அடையாளமான பச்சை புரோட்டீன் பளிச்சுன்னு தெரியுது, அதையே ரத்த ஸ்டெம் செல்லுல போட்டா ஒண்ணுமே தெரியல, வைரஸ டபுள் பண்ணட்டுமான்னு. பண்ணாதீங்கப்பா.

இந்த வைரஸோட உறையில இருக்குற விஎஸ்வி-ஜி புரோட்டீன் உள்ள போக செல் மேல இருக்குற எல்டிஎல் ரிசெப்டர (கொலஸ்ட்ரால உள்ள இழுக்குற வாசல்) புடிக்கணும், தூங்கிட்டிருக்கிற ஸ்டெம் செல், டி செல் (நோய எதிர்க்கிற வெள்ளணு) மேல அது ரொம்பக் கம்மி, போதாக்குறைக்கு வைரஸ், செல் ரெண்டுமே நெகட்டிவ் சார்ஜ், ஒண்ண ஒண்ணு தள்ளும். அதனால முதல்ல செல்ல எழுப்புங்க, டி செல்லுக்கு சிடி3/சிடி28 பீட்ஸ் (டி செல்ல தூண்டுற குட்டி மணிங்க), ஸ்டெம் செல்லுக்கு ஒண்ணு ரெண்டு நாள் சைட்டோகைன் (செல்ல தூண்டுற புரோட்டீன்), அதுக்கு மேல விட்டா ஸ்டெம் செல் குணமே போயிடும்.

அப்புறம் பாலிபிரீன், அந்த நெகட்டிவ் சார்ஜ மறைச்சு வைரஸ செல்லுல ஒட்ட வைக்கிற பாசிட்டிவ் பாலிமர். மில்லிக்கு 8 மைக்ரோகிராம்னு கண்ண மூடிட்டு போடுறாங்க, அது முரட்டு செல் லைனுக்கு சரி, ஸ்டெம் செல் தாங்காது. புரோட்டமின் சல்ஃபேட் (ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சதும், ரத்தம் உறையாம இருக்க குடுத்த ஹெப்பாரின முறிக்க குடுப்பாங்களே, அதேதான்) பரவால்ல. ரெட்ரோநெக்டின் (வைரஸையும் செல்லையும் ஒரே இடத்துல புடிச்சு வைக்கிற புரோட்டீன்) பூசுன பிளேட் இன்னும் நல்லது, விலையக் கேட்டாதான் தலை சுத்தும்.

இதெல்லாம் லேப் வெட்டிக்கதைன்னு நினைக்காதீங்க. வேலூர் சிஎம்சில ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் உறைய வைக்கிற ஃபேக்டர் 8 புரோட்டீன் கம்மியா இருக்குற நோய்) இருக்குற 5 பேருக்கு அவங்கவங்க ஸ்டெம் செல்லுலயே லென்டிவைரஸ் வழியா ஃபேக்டர் 8 ஜீன வச்சு திருப்பி ஏத்துனாங்க. 2 பேருக்கு என்ஹான்சர் (வைரஸ் உள்ள போக உதவுற பொருள்) இல்லாம, 3 பேருக்கு என்ஹான்சரோட. முதல் ரெண்டு பேருக்கு ஃபேக்டர் 8 நார்மல்ல ஒற்றை இலக்க சதவீதத்துலயே நின்னுச்சு, மத்த மூணு பேருக்கு கிட்டத்தட்ட 20லருந்து 40 சதவீதம் வரைக்கும் வந்துச்சு.

அதுக்காக செல்லுக்குள்ள ஜீன் காப்பி ஏற ஏற நல்லதுன்னும் இல்ல. பாரிஸ்ல 1999ல ஆரம்பிச்ச எஸ்சிஐடி (பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத நோய்) ட்ரையல்ல (அது பழைய ரெட்ரோவைரஸ்) ஜீன் போய் எல்எம்ஓ2ங்கற, தூண்டிவிட்டா கேன்சர் வர்ற ஜீன் பக்கத்துல உக்காந்து சில குழந்தைங்களுக்கு லுக்கேமியாவே (ரத்தப் புற்றுநோய்) வந்துச்சு. ஒவ்வொரு காப்பியும் ஜீனோம்ல ஒரு புது வெட்டு.

அதனால 48 மணி நேரத்துல தெரியுற பச்சைய பாத்து குதிக்காதீங்க, அது வைரஸோட ஒட்டிக்கிட்டு வந்த புரோட்டீனாகூட இருக்கலாம். ரெண்டு வாரம் வளர்த்துட்டு பிசிஆர்ல ஒரு செல்லுக்கு எத்தனை காப்பின்னு எண்ணுங்க, கூடவே எத்தனை செல் உயிரோட இருக்குன்னும் எழுதி வைங்க.